பால் வேண்டாத மந்தைக்காரர்

மலையேறும் மந்தைகளை வழியனுப்ப வந்த இடத்தில் ஒரு வைக்கோல் வண்டியையே மேடையாக்கி, அதன்மேல் தலைமை நாற்காலியையும் ஏற்றி, நாற்காலி ஆடாமல் இருக்கத் தன் காலையே முட்டுக்கொடுத்து அமர்ந்திருக்கும் லசுரேலே ஊரின் பொதுமலைச் சங்கத் தலைவர், பெரியவர் கிளிகோர் அவர்களே! விடிந்ததிலிருந்து கறந்து கறந்து விரல் மரத்துப்போன பிறகும் வீடு திரும்பாமல் இந்த வெயிலில் என் பேச்சைக் கேட்கத் துணிந்து நிற்கும் தாய்மார்களே! பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிளம் சாராயக் குப்பியை மட்டும் நிமிர்த்தியே வைத்திருக்கும் பெரியோர்களே! ஆசி வழங்கிய கையோடு, இளஞ்சூட்டுப் பாலாடைக்கட்டிக்காகக் காத்திருக்கும் பாதிரியார் அவர்களே! நம் புல்லும் நிலமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்திருக்கும் அம்மையாரே! அவர் காதருகே குனிந்து என் சொல்லை அவர் மொழியில் ஊற்றிக்கொண்டிருக்கும் தங்கையே! முன்வரிசையில் மடிப்புக் கலையாத கோட்டோடு அமர்ந்திருக்கும் பச்சைச் சிகரம் சங்கத்தின் தலைவர், நம் ஊர்ப் பிள்ளை ஒக்தாவியன் ப்ரெதா அவர்களே! அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்திருக்கும் அவரைப் பெற்றவர், ஸம்ஃபீரா அத்தை அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த லியோந்தினா கைகூப்பிச் சொல்கிறேன், வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். நம் கிடையின் பாலாடைக்கட்டியை நகரத்துச் சந்தையில் விற்பவள். யாரையும் லேசில் நம்பாதவள். கல்யாணத்தன்று மோதிரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விரலை நீட்டினேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அதோ, தலையாட்டுகிறார் பாருங்கள். அது அபாண்டம். நான் கல்யாணத்துக்கு முதல் நாளே கடித்துப் பார்த்துவிட்டேன்!

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இன்னும் சற்று நேரத்தில் தலைவர் உங்களைக் கை தூக்கச் சொல்வார். நம் தொம்னா மலையை, நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஊர் மொத்தமும் சேர்ந்து மேய்க்கும் அந்தப் பொதுமலையை, பச்சைச் சிகரம் சங்கத்துக்குப் பத்தாண்டுக் குத்தகைக்கு விடுவதா, வேண்டாமா என்று கேட்பார். விட்டால் என்ன ஆகும்? மேலே கிடை போடும் இலாரி அண்ணனும் சவேதா அக்காவும் இந்தக் கோடையிலேயே இறங்க வேண்டும். நம் வீட்டு ஆடுகளெல்லாம் அந்த இருவர் பொறுப்பில்தானே மேய்கின்றன? அவர்கள் இறங்கினால் நம் ஆடுகள் எங்கே மேயும்? அங்காடித் தெருவிலா? அஞ்சல் நிலைய வாசலிலா? ஆளுக்கு நாலு, ஆளுக்குப் பத்து என்று வைத்திருப்பதை விற்றுவிட்டு, நாமும் பிழைக்கப் போன நம் பிள்ளைகளைப் போலவே இத்தாலிக்குப் பேருந்து ஏறவேண்டியதுதான்.

ஆகவே கையைத் தூக்குவதற்கு முன்னால் என் சந்தேகங்களைக் கேளுங்கள். எனக்கு மூன்று பேர் மேல் சந்தேகம். பிரஸ்ஸல்ஸ் மேல் சந்தேகம். பச்சைச் சிகரத்தின் மேல் சந்தேகம். மூன்றாவது ஆளைக் கடைசியில் சொல்கிறேன். யாரென்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் அம்மையாரிடம் பேசுகிறேன். தங்கையே, ஒரு சொல்லையும் பூசி மெழுகாமல் அப்படியே சொல்லுங்கள்.

அம்மையாரே! உங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் நாங்கள் சேர்ந்த அந்தப் புத்தாண்டு நாளில் இந்த ஊர்க் கோயில் மணியைக் கயிறு அறுந்துபோகும் அளவுக்கு இழுத்து அடித்தோம். ஒரே குடும்பம் என்றீர்கள். மகிழ்ந்தோம். ஒரே பந்தி என்றீர்கள். உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதானே தெரிந்தது, விவசாய மானியத்தில் பழைய உறுப்பினர்களுக்குப் பெரிய தட்டு, புதிய உறுப்பினர்களுக்குச் சிறிய தட்டு! ஏன்? எங்கள் மண்ணுக்குக் குறைந்த பசியா? எங்கள் மழைக்குக் குறைந்த ஈரமா? எங்கள் ஊர் மருந்துக் கடையில் மாத்திரை பாதி விலையா? டிராக்டர் விற்பவர், "நீங்க புது உறுப்பினர், அதனால குறைச்சுக்கறேன்" என்று ஒரு லெய் காசாவது குறைத்தாரா? வாங்கும்போது ஐரோப்பிய விலை, வழங்கும்போது வாசற்படி விலை! இது பங்கா, பாரபட்சமா என்று நான் கேட்கிறேன். பல ஆண்டுகளாக, "படிப்படியாகச் சமமாகும், படிப்படியாகச் சமமாகும்" என்கிறீர்கள். படி தெரிகிறது, அம்மையாரே. மாடி எப்போது வரும்?

கை தட்டாதீர்கள், நேரம் போகிறது. அம்மையார் ஏதோ குறித்துக்கொள்கிறார். நல்லதா கெட்டதா தெரியவில்லை. அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

சரி, சிறிய தட்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சிறிய தட்டாவது நம் கைக்கு வந்ததா? ஊரக வளர்ச்சி, ஊரக வளர்ச்சி என்று வானொலி அலறுகிறது. நம் ஊரில் வளர்ந்தது எது? ஓடைக்கரையில் பால் பதப்படுத்தும் அறை வரப்போகிறது என்று போன ஆண்டு ஒரு நீலப் பலகை நட்டார்களே, போய்ப் பார்த்தீர்களா? பலகை வந்துவிட்டது. பளபளவென்று வந்துவிட்டது. நட்சத்திரமெல்லாம் வட்டமாக வந்துவிட்டது. அறையைத்தான் காணோம்! பலகைக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் காஞ்சொறி வளர்ந்திருக்கிறது. அந்தத் திட்டத்தால் இன்றுவரை பயனடைந்த ஒரே ஜீவன் இலாரி அண்ணனின் கழுதை. பலகைக் கம்பத்தில்தான் அதைக் கட்டுகிறார். கம்பம் நல்ல உறுதி, அதை மறுப்பதற்கில்லை.

அந்த அறைக்கு நிதி கேட்டு எழுதியவர் யார்? பச்சைச் சிகரம். பலகை நட்டவர் யார்? பச்சைச் சிகரம். இன்றைக்கு மலையைக் கேட்பவர் யார்? நீங்களே சொல்கிறீர்கள், நான் சொல்லவில்லை.

இப்போது போன இலையுதிர்காலத்துக்கு வாருங்கள். சவேதா அக்கா வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காரிலிருந்து தம்பி ஒக்தாவியன் இறங்கினார். கையில் ஒரு கேக், ஒரு பொட்டலம் காப்பித்தூள். அக்கா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணணும். ஒரே ஒரு பகலுக்கு உங்க ஆடுங்கள என் பட்டியில விடுங்க."

"எதுக்குடா?"

"சோதனைக்கு அதிகாரி வராரு. என் மந்தை இன்னும் வந்து சேரல. வழியில இருக்கு."

"எந்த வழியில?"

"வாங்கற வழியிலதான், அக்கா!"

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தவர் கொடுத்தும்விட்டார். ஏன் கொடுத்தார்? அதுதான் நம் ஊர் வழக்கம். பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நாற்காலி கொடுப்போம், தட்டு கொடுப்போம், மேசை விரிப்புக் கொடுப்போம். விருந்தாளி முன்னால் அண்டை வீட்டான் தலைகுனியக் கூடாது என்று நினைக்கிற ஊர் இது. தட்டைக் கொடுத்த மாதிரியே ஆட்டையும் கொடுத்தோம்! அக்கா மட்டுமா கொடுத்தார்? வேலியோரம் நிற்பவர்களே, ஏன் தரையைப் பார்க்கிறீர்கள்? புல் முளைப்பதையா பார்க்கிறீர்கள்?

அதிகாரி வந்தார். எண்ணினார். எச்சில் ஊற வறுத்த ஆட்டிறைச்சி தின்றார். அதுவும் யார் ஆடு என்று நான் கேட்கவில்லை. போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் ஆடுகள் அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டன. சொன்ன சொல் தவறாத பிள்ளை! ஆனால் ஒவ்வோர் ஆட்டின் காதிலும் புத்தம்புதிதாக ஒரு மஞ்சள் அடையாள வில்லை. சவேதா அக்கா பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "பாவம் புள்ள, ஓசிக்கு வாங்கினோமேன்னு எல்லாத்துக்கும் கம்மல் போட்டு அனுப்பியிருக்கான்டி" என்றார்.

கம்மல்! நான் அன்றே கேட்டேன், "கம்மல்ல யார் பேரு இருக்குக்கா?" என்று. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

குளிர்காலம் வந்தது. இலாரி அண்ணனும் அவர் மனைவி சவேதா அக்காவும், கிடைக்குக் கூரை போட உதவி கேட்டு நகரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். போகும்போது பார்சலாக ரெண்டு உருண்டை பாலாடைக்கட்டியும் கொண்டுபோனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு ஆடே இல்லயே."

"பட்டியில விடிய விடியக் கத்திக்கிட்டு இருக்கே, அதெல்லாம் என்னம்மா?"

"அது வேற ஒருத்தர் ஆடுங்க. ப்ரெதா ஒக்தாவியன்னு காட்டுது."

"நான் தீவனம் போடறேன், நான் கறக்கறேன், நான் பிரசவம் பாக்கறேன். அவன் ஆடா?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான்மா இருக்கு."

இலாரி அண்ணன் திரும்பி வரும்போது பேருந்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அப்ப நாம யாருடி?" இதைச் சொல்லும்போது சவேதா அக்கா அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு ஆத்திரம். சொந்த ஊரில், சொந்த மலையில், சொந்த ஆட்டின் முன்னால் ஒரு மனிதனை அகதியாக்கிவிட்டார்களே! ஆடு அதிகம் வைத்திருப்பவருக்குத்தான் மேய்ச்சலில் முதல் உரிமை என்கிறது விதி. நம் ஆடுகளைக் காட்டியே ஆடு அதிகமானவர், இன்று நம் மலையைக் கேட்கிறார். நாம் ஆடு கொடுத்தோம், ஆடு நம்மை விரட்டுகிறது!

அம்மையாரே, வானத்தில் பறக்கும் உங்கள் செயற்கைக்கோள் கண்ணைப் பற்றியும் கேட்கிறேன். என் புல்வெளியின் ஓரத்தில் நிற்கும் பேரிமரத்தின் நிழல் அளவை அது கண்டுபிடித்து, நிழலுக்கு மானியம் இல்லை என்று கழித்துக்கொண்டது. ஒரு மர நிழலைக் கண்டுபிடித்த கண்ணுக்கு ஒரு மந்தையே இல்லாதது தெரியவில்லையா? எளியவன் நிழல் தெரிகிறது, வலியவன் வெறுமை தெரியவில்லை. இது கண்ணின் கோளாறா, கண்ணை வைத்திருப்பவரின் கோளாறா?

இதோ, தம்பி எழுந்துவிட்டார். சொல்லுங்கள் தம்பி. என்ன? கேட்டீர்களா எல்லோரும்? "எல்லாம் சட்டப்படி சரியா இருக்கு, லியோந்தினா அக்கா. நீங்க மேடைன்னு நெனச்சு வாய்க்கு வந்தத பேசறீங்க" என்கிறார். சட்டப்படி சரியாக இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் கணக்கில் காட்டிய அறுநூறு ஆடுகளும் இப்போது எங்கே? "மேல இருக்கு" என்கிறாரா? மேலேயா?

அன்பர்களே, அப்படியே திரும்பித் தொம்னா மலையைப் பாருங்கள். உச்சியிலிருந்து பாதி வரைக்கும் வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன? ஆடா? பனி! பால் அளவெடுத்த பிறகுதான் மந்தை மலையேறும் என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தம்பி, உங்கள் ஆடுகள் பனியைத் தின்கின்றனவா? உட்காருங்கள், உட்காருங்கள். யாரும் அவரைப் பார்த்து விசில் அடிக்கக் கூடாது. மரியாதை, மரியாதை.

இன்று காலை நடந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். பால் அளவெடுப்பு நாளில் நம் முறை என்ன? ஆட்டுக்குச் சொந்தக்காரர் எவரோ அவரே வந்து, ஊர் பார்க்கத் தன் கையால் கறக்க வேண்டும். வாளியில் கோலை விட்டு அளக்கிறோம். அந்த அளவுக்குத் தக்கபடிதான் கோடை முழுக்க அவருக்குப் பாலாடைக்கட்டி. ஏழை பணக்காரன் கிடையாது, பாதிரியார்கூடத் தன் ரெண்டு ஆட்டையும் அங்கியைச் செருகிக்கொண்டு தானேதான் கறக்கிறார். தலைவர் முறைப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "ஒக்தாவியன் ப்ரெதா!" என்றும் கூப்பிட்டார். தம்பி என்ன பதில் சொன்னார்?

"எனக்குப் பால்ல பங்கு வேணாம், சித்தப்பா. விட்டுக்கொடுத்துடறேன். அடுத்த பேரக் கூப்பிடுங்க."

எவ்வளவு பெருந்தன்மை! நீங்கள் சிலர் கையும் தட்டினீர்கள். எனக்கு மட்டும் அப்போது தலைமுதல் கால்வரை அரித்தது. ஒரு சொட்டுப் பாலுக்காக உடன்பிறந்தவனோடு பேச்சை நிறுத்திய ஊர் இது. கோல் ஒரு விரலளவு சாய்ந்துவிட்டது என்று சம்பந்தி வீட்டோடு சண்டை போட்ட ஊர் இது. இங்கே பிறந்து இங்கே வளர்ந்த ஒருவர், அறுநூறு ஆட்டின் பாலும் வேண்டாம் என்கிறாரா? பால் வேண்டாம், பாலாடைக்கட்டி வேண்டாம், கம்பளி வேண்டாம், குட்டி வேண்டாம். பிறகு என்னதான் வேண்டும்? மலை மட்டும் வேண்டும்! மேய்ச்சல் நிலம் எவர் பேரில் இருக்கிறதோ அவர் பேருக்குத்தானே மானியம் வரும்? மலை நமது, மந்தை நமது, மடியில் சுரக்கும் பால் நமது. மானியம் மட்டும் மாயமாய்ப் போவது எந்த மடிக்கு?

இப்போது என் மூன்றாவது சந்தேகத்துக்கு வருகிறேன். கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆம், நம் மேல்தான் சந்தேகம். சொந்தங்களே, எனக்கு உங்கள் மேல் சந்தேகம்.

இந்த மேடையில் ஏறுவதற்கு முன்னால் இலாரி அண்ணன் என் மேலங்கியைப் பிடித்து இழுக்காத குறைதான். "பேசிடாத லியோந்தினா. அந்தம்மா முன்னால ஆட்டை ஓசிக்குக் கொடுத்தத ஒத்துக்கிட்டா, பொய்க்குத் துணை போனோம்னு நம்ம மேலயும் அபராதம் போடுவாங்க" என்றார். அவர் பயம் நியாயமான பயம். உண்மையைச் சொன்ன மறுநிமிடம் நீதி வந்து நம் வாசலில் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நீதி மேலும் சந்தேகம் உண்டு. ஓலை வரலாம், விசாரணை வரலாம், ஓர் ஆண்டு மானியம் நின்றும் போகலாம்.

ஆனால் யோசியுங்கள். பிரஸ்ஸல்ஸைப் பார்த்து, "புதிய நாடென்று எங்களுக்குக் குறைத்துக் கொடுக்காதே, சரிசமமாகக் கொடு" என்று கேட்க எனக்கு வாய் வேண்டும். அந்த வாயில் இந்தப் பொய் அடைத்துக்கொண்டிருந்தால் நான் எப்படிக் கேட்பது? "உங்களுக்கு இன்னும் கொடுத்தால் அதுவும் இல்லாத ஆட்டுக்குத்தானே போகும்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அங்கே ஒருவன் நம் பங்கைக் குறைப்பதற்கு, இங்கே ஒருவன் காரணம் செய்து கொடுக்கிறான். அந்தக் காரணத்துக்கு நாம் தீவனம் போடுகிறோம்!

ஆகவே தலைவர் கேட்பதற்கு முன் நான் கேட்கிறேன். அதிகாரி வந்த அன்று, ஒரு பகலுக்கென்று ஆட்டைப் பச்சைச் சிகரத்துக்குக் கொடுத்தவர்கள், இந்த அம்மையார் பார்க்கக் கையைத் தூக்குங்கள்.

என்ன, ஒருவரும் இல்லையா? சவேதா அக்கா, நீங்களுமா? இலாரி அண்ணன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருப்பது எனக்குத் தெரிகிறது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. சரி, அப்படியானால் நான் பேசி என்ன...

யார் அது? முன்வரிசையில்? ஸம்ஃபீரா அத்தையா! அத்தை, கையை எதற்காகத் தூக்குகிறீர்கள் என்று தெரிந்துதானே தூக்குகிறீர்கள்? மைக்கை அத்தையிடம் கொடுங்கள். சத்தம் போடாதீர்கள், பேசட்டும்.

"தெரிஞ்சுதான் தூக்கறேன். எனக்கென்ன காது கேக்காதா? இவன் பட்டியில என் ஏழு ஆடும் நின்னுச்சு. பெத்த புள்ளையாச்சேன்னு நானே ஓட்டிக்கிட்டுப் போய் விட்டேன்."

"அம்மா, கைய எறக்கும்மா! என்னம்மா பண்ற?"

"நீ சும்மா இருடா. காலையில உன் பேரக் கூப்பிட்டப்ப பால் வேணாம்ன. இங்க அத்தன பேரு நடுவுல. அந்தப் பால்ல வளந்தவன்டா நீ! நான் கறக்கற ஆட்டுக்கு உன் பேரு, அத நான் பெருமையாத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சவேதாவ ஆடே இல்லன்னு சொன்னாங்களாமே. அப்ப அந்த ஏழு ஆடும் என்னுது இல்லதானே? என்னையும் எறக்கிவிடுவியாடா மலைய விட்டு?"

அத்தையை உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். தம்பி, அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள், காருக்குப் போகாதீர்கள்... போகிறார். போகட்டும்.

அடடா! இலாரி அண்ணன் அக்காவின் மணிக்கட்டை விட்டுவிட்டார். விட்டதோடு தன் கையையும் தூக்கிவிட்டார். அதோ, வேலியோரம். அதோ, தேன்கூட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். பாதிரியாரே, நீங்களுமா! தலைவர் அவர்களே, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடாதீர்கள், மறுகையைத் தூக்கினால் போதும். பாருங்கள் அம்மையாரே, நன்றாகப் பாருங்கள்! உங்கள் சோதனை எண்ணிய ஆடுகளுக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள். குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிற அதே பேனாவால் இன்னொன்றும் எழுதுங்கள்: கை தூக்கிய இந்த மக்களுக்குச் சேரவேண்டிய நியாயமான பங்கை, நடுவில் எவர் கையும் படாமல், கறக்கிற கையில் கொடுங்கள். கொடுப்பீர்களா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கேட்டவர்கள் யாரென்று தெரியவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மாருக்கும், என் சொல்லை ஒளிக்காமல் மொழிபெயர்த்த தங்கைக்கும் என் நன்றி. மைக்குக்காகத் தன் டிராக்டர் மின்கலத்தைக் கழற்றித் தந்தவருக்கும் நன்றி, மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஸம்ஃபீரா அத்தைக்கு நன்றி என்று சொன்னால் சிறிய சொல்லாகிவிடும், அதனால் அவர் காலடி மண்ணை வணங்கி இறங்குகிறேன்.

தலைவர் அவர்களே, தூக்கிய கைகளை யாரும் இன்னும் இறக்கவில்லை. மலையைக் குத்தகைக்கு விட வேண்டாம் என்பவர்கள் யார் யார் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வணக்கம்!